செம்பும் கண்ணாடியும்: நெட்வொர்க் கேபிள் எங்கே, ஏன் தோற்கிறது

கடையில் போய் நெட்வொர்க் கேபிள் வேண்டும் என்றால், "கேட் 5ஈ-யா, கேட் 6-ஆ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேபிளின் தரவகையைச் சொல்லும் அந்த எண் முக்கியம்தான். ஆனால் வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ இணைப்பு தகராறு செய்யும்போது, பெரும்பாலும் குற்றம் அந்த எண்ணில் இருப்பதில்லை. செம்பு என்று நம்பி வாங்கிய அலுமினியம், பிளக் மாட்டும்போது அளவுக்கு மேல் பிரித்த முறுக்கு, வெயிலில் காய்ந்து வெடித்த உறை, தூசி ஒட்டிய ஃபைபர் முனை என்று ஏதோ ஒன்றில் இருக்கும். ஆகவே கேபிளின் வேகத்தைக் கடைசியாகப் பார்க்கலாம். எவ்வளவு தூரம், பக்கத்தில் என்ன ஓடுகிறது, அதே கேபிளில் மின்சாரமும் போகுமா, கட்டடத்துக்கு வெளியே போகிறதா என்ற நான்கும் முதலில் வர வேண்டியவை.

முறுக்கு எதற்கு

ஈத்தர்நெட் கேபிள் என்று நாம் சொல்வது முறுக்கிய இணைக் கேபிளை. உறைக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக் கம்பிகளுக்காக 1881-ல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல் எதிரெதிர்க் குறியோடு போகிறது. மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் ஓடும் மோட்டாரோ மின்கம்பியோ இரைச்சலைக் கிளப்பினால், முறுக்கு இருப்பதால் அது இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறையச் சமமாக ஏறும். வித்தியாசம் எடுக்கும்போது கழிந்துபோகும்.

உறையை உரித்துப் பார்த்தால் நான்கு ஜோடிகளும் ஒரே நெருக்கத்தில் முறுக்கப்படவில்லை என்பது தெரியும். அது தயாரிப்புக் குறை அல்ல. ஒரே அளவில் முறுக்கினால் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் நெடுகிலும் ஒத்துப்போய், ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்குள் கசியும். கிராஸ்டாக் எனப்படும் இந்தக் கசிவுதான் செம்புக் கேபிளின் முதல் எதிரி. கேட் 5ஈ கேபிளில் 100 மீட்டர் தூரத்துக்கு, 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 24 டெசிபெல் இழப்பு வரை தரநிலை அனுமதிக்கிறது. அனுப்பிய சக்தியில் சுமார் 250-ல் ஒரு பங்குதான் வந்து சேரும் என்று பொருள். அப்படி மெலிந்து வரும் சிக்னலைப் படிக்க வேண்டிய அதே முனையில், நம் பக்கத்துச் சாதனம் முழுப் பலத்தோடு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. அந்த இடத்தில் துளி கசிந்தாலும் வந்தது அமுங்கிவிடும். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்ற விதி இதனால் வந்தது.

வகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கேட் 5ஈ 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்பட்டது. நொடிக்கு 1 ஜிகாபிட்டை 100 மீட்டர் கொண்டுபோகும். 2016-ல் வந்த தரநிலைப்படி 2.5 ஜிகாபிட்டும் அதில் ஓடும். கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ். பலவற்றில் ஜோடிகளைப் பிரித்து வைக்க நடுவில் சிலுவை வடிவப் பிளாஸ்டிக் இருக்கும். 10 ஜிகாபிட்டை அது 55 மீட்டர் வரை தாங்கும். பல கேபிள்களைக் கட்டாகக் கட்டினால் 37 மீட்டராகக் குறையலாம். முழு 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட் வேண்டுமானால் 500 மெகாஹெர்ட்ஸுக்கான கேட் 6ஏ வேண்டும். அது தடிமன், பழைய பைப்புகளில் இழுப்பது சிரமம். கேட் 8 என்பது 25, 40 ஜிகாபிட்டுகளை 30 மீட்டர் மட்டும் கொண்டுபோகும், தரவு மையங்களுக்கான சரக்கு. கேட் 7-ஐ அமெரிக்கத் தரநிலை ஏற்கவே இல்லை. சர்வதேசத் தரநிலை அதற்குச் சொன்ன கனெக்டர்களும் வேறு. ஆர்ஜே45 பிளக்கோடு "கேட் 7" என்று விற்பதை வெறும் லேபிளாகவே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு நல்ல செம்பில் செய்த கேட் 6 போதும்.

100 மீட்டர் என்பதிலும் ஒரு பிரிவு உண்டு. சுவருக்குள் போகும் ஒற்றைக்கம்பிக் கேபிள் 90 மீட்டர். இரு முனையிலும் சாதனத்தைச் சேர்க்கும் குட்டிக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்குச் சேர்த்து 10 மீட்டர். பேட்ச் கார்டில் மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பி இருக்கும். அடிக்கடி வளைத்தாலும் உடையாது, ஆனால் இழப்பு கூடுதல். அதையே சுவருக்குள் நீளமாக ஓட்டுவதும், சுவருக்கான ஒற்றைக்கம்பியை மேஜைக்கடியில் மடக்கி மடக்கிப் போடுவதும் இரண்டுமே தவறு.

சிசிஏ என்னும் வில்லங்கம்

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. சுருக்கமாக சிசிஏ. பெட்டியில் கேட் 6 என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும், முழுச் செம்பு இல்லாத கேபிளை எந்தத் தரநிலையும் கேட் 6 ஆக ஏற்பதில்லை. அதே தடிமனுள்ள செம்பைவிட இதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அலுமினியம் நொறுங்கும் குணமுள்ளது. ஜாக்கில் அழுத்திய இடத்தில் சில மாதம் கழித்து முறியும், நாளடைவில் அங்கே ஆக்சைடும் படியும்.

கண்டுபிடிப்பது எளிது. கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவு தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். வழக்கமான பெட்டியில் 305 மீட்டர் இருக்கும். உள்முனையை வெளியே எடுக்க முடிந்தால், ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் அங்கே ஒன்றாக முறுக்கிவிட்டு, மறுமுனையில் மின்தடையை அளக்க வேண்டும். 24 கேஜ் (கம்பியின் தடிமன் எண்; எண் குறைந்தால் தடிமன் கூடும்) நல்ல செம்பு 52 ஓம் அருகில் காட்டும். கேட் 6-ல் வரும் 23 கேஜ் 41 ஓம் அருகில். ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு 9.38 ஓம் என்பது தரநிலையின் உச்சவரம்பு. அந்தக் கணக்கில் முழுப் பெட்டிக்கு 57 ஓம். அதைத் தாண்டினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டேட்டா மட்டும் ஓடும் குட்டி நீளங்களில் சிசிஏ பல காலம் சமாளித்துவிடும். பிஓஇ வழியாகக் கேமராவுக்கோ வைஃபை பெட்டிக்கோ மின்சாரமும் அதிலேயே போகும்போதுதான் வேஷம் கலையும். 2009-ல் வந்த பிஓஇ பிளஸ் தரநிலையின் கணக்கு இது: ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) 50 வோல்ட்டில் 0.6 ஆம்பியர், அதாவது 30 வாட் தருகிறது. 100 மீட்டர் கேபிளின் தடை 12.5 ஓம். வழியில் 4.5 வாட் சூடாகப் போய், சாதனத்துக்கு 25.5 வாட் கிடைக்கும். தடை ஒன்றரை மடங்கானால் அதே மின்னோட்டத்தில் 6.75 வாட் கேபிளுக்குள்ளேயே எரியும், வோல்ட்டேஜ் 7.5-க்குப் பதில் 11.25 வோல்ட் இறங்கும். பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் கேமரா, இருட்டியதும் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும், மின்தேவை கூடும், வோல்ட்டேஜ் சரியும், கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

12 வோல்ட் அடாப்டரை நேரடியாக நீல, பழுப்பு ஜோடிகளில் ஏற்றி அனுப்பும் மலிவு ஸ்ப்ளிட்டர்களில், நல்ல செம்பாக இருந்தாலும் இதே கதைதான். 60 மீட்டர் தூரத்தில் 0.5 ஆம்பியர் எடுக்கும் கேமராவுக்கு 12 வோல்ட்டில் சுமார் 9.5 மட்டுமே போய்ச் சேரும். உண்மையான பிஓஇ 48 வோல்ட்டை ஒட்டி ஓடுவதற்கே காரணம், மின்னோட்டத்தைக் குறைத்து இந்த இழப்பை அடக்குவது.

முனை கட்டுதல்

கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன என்பது எங்கள் கணிப்பு. நம் ஊரில் பரவலாகப் போடுவது டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கொக்கி கீழே இருக்க, உலோகத் தகடுகள் நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து 1 முதல் 8.

உறையை 3 சென்டிமீட்டர் உரித்து, உள்கம்பிகளில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீறிய கம்பி இன்று வேலை செய்யும், ஆறு மாதத்தில் முறியும். வரிசைப்படுத்தி, நேராக்கி, 13 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிளக்குக்குள் தள்ளும்போது எட்டுக் கம்பிகளின் முனையும் எதிர்ச் சுவரைத் தொட வேண்டும், வெளியுறையும் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். கிரிம்பிங் டூல் அழுத்தும் பிளாஸ்டிக் நாக்கு உறையைக் கவ்வினால்தான் பிளக் இழுவையைத் தாங்கும். உறை வெளியே நின்று கம்பிகள் பல்லிளித்துக்கொண்டிருக்கும் பிளக், பார்த்தவுடனே வெட்டி எறிய வேண்டியது. ஒற்றைக்கம்பிக்கும் இழைக்கம்பிக்கும் பிளக்குக்குள் இருக்கும் தகட்டின் பற்கள் வேறு. கேட் 6 கம்பி தடிமன் என்பதால் கேட் 5ஈ பிளக்கில் சில சமயம் நுழையாது. அதற்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். சுவர் முனைகளில் பிளக்கை விட, பஞ்ச் டூலால் அழுத்தும் கீஸ்டோன் ஜாக் நீடிக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கி, இரு முனையிலும் அதே வரிசையை வைத்துவிடுவார்கள். எட்டு விளக்குகள் எரியும் மலிவு டெஸ்டர் எல்லாம் சரி என்று சொல்லும், ஏனென்றால் 1 முதல் 8 வரை மின்தொடர்பு இருக்கிறது. ஆனால் ஈத்தர்நெட் 3-ஐயும் 6-ஐயும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. இந்த அடுக்கில் 3-ல் பச்சை ஜோடியின் கம்பியும் 6-ல் நீல ஜோடியின் கம்பியும் வந்து உட்கார்ந்திருக்கும். சேர்ந்து முறுக்காத இரண்டு கம்பிகளில் ஒரு சிக்னல் ஓடும். இரைச்சல் கழியாது, கசிவு கூடும். 2 மீட்டர் கார்டில் தெரியாது. 30 மீட்டரில் இணைப்பு விட்டு விட்டு வரும். இதைப் பிடிக்க கிராஸ்டாக் அளக்கும் கருவி வேண்டும், அல்லது பிளக்கைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொரு அடையாளம்: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் காசு கட்டியும், கேபிளில் ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் 94-ஐ ஒட்டியே நிற்கும். 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பிடிக்காமல் போனால், பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். டேட்டாவோடு கூடவே போகும் முகவரி போன்ற தகவல்கள் போக 100-ல் மிஞ்சுவது 94. சேவை தருபவரைத் திட்டுவதற்கு முன் கணினியில் லிங்க் ஸ்பீட் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

இழுப்பதிலும் அளவு உண்டு. 11 கிலோ எடைக்கு மேல் பலம் கொடுத்து இழுத்தால் முறுக்கு நீண்டு குணம் மாறும். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. நைலான் டேக்கை இறுக்கிக் கட்டினால் உள்ளே ஜோடிகள் நசுங்கும். 230 வோல்ட் ஓடும் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுப்பது இரைச்சல் பிரச்சினைக்கு முன்பாக உயிர்ப் பிரச்சினை; உறை அந்த வோல்ட்டேஜுக்குச் செய்ததில்லை. இணையாகப் போக வேண்டியிருந்தால் 20 சென்டிமீட்டர் இடைவெளி, குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாக. உலோகக் கவசம் போட்ட கேபிள் தொழிற்சாலைகளுக்கு நல்லது, ஆனால் கவசத்தை உலோகப் பிளக் வழியாக எர்த்தில் சேர்க்க வேண்டும். அப்படியே அந்தரத்தில் விட்டால் அதுவே இரைச்சலை இழுக்கும் ஆன்டெனா ஆகிவிடலாம்.

கோஆக்சியல் எங்கே போனது

1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய ஈத்தர்நெட் ஓடியது, நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை போட்ட கோஆக்சியல் கேபிளில்தான். பின்னால் தடித்த கேபிளில் 500 மீட்டர், மெல்லியதில் 185 மீட்டர் என்று வந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் வரிசையாகத் தொங்கும். இரு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் வேண்டும், இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும். ஒருவர் மேஜையை நகர்த்தும்போது பிஎன்சி கனெக்டர் கழன்றால் மாடி முழுக்க நெட்வொர்க் போய்விடும். 1990-ல் முறுக்கிய இணையில் 10 எம்பிபிஎஸ் தரநிலை வந்ததும், ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள் என்ற அமைப்பு இதை ஓரங்கட்டிவிட்டது. இன்று 75 ஓம் ஆர்ஜி6 கேபிள் டிவியிலும் அனலாக் கேமராக்களிலும் உயிரோடு இருக்கிறது. 50 ஓமையும் 75 ஓமையும் கலக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கண்ணாடி இழை

ஈபி கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கறுப்பு டிராப் கேபிளுக்குள் இருக்கும் இழையின் மொத்த விட்டம் 125 மைக்ரான். அதில் ஒளி ஓடும் மையம் 9 மைக்ரான்தான். கண்ணாடியின் அழுக்கை நீக்கினால் தொலைத்தொடர்புக்கு ஆகும் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். 2009-ல் நோபல் பெற்றார். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே இழப்பைக் கொண்டுவந்தது 1970-ல் கார்னிங் நிறுவனம். இன்று 1550 நானோமீட்டரில் அது 0.2 டெசிபெல். முன்பு பார்த்த செம்பு 100 மீட்டரில் இழந்த 24 டெசிபெல்லை இது இழக்க 120 கிலோமீட்டர் ஆகும்.

மஞ்சள் உறை, ஒளி ஒரே பாதையில் ஓடும் சிங்கிள் மோட். ஆரஞ்சு, நீலப்பச்சை உறைகள், பல பாதைகளில் ஓடும் மல்டிமோட். அவற்றின் மையம் 50 அல்லது 62.5 மைக்ரான், சில நூறு மீட்டருக்கானவை. புதிதாகப் போடுபவர்கள் சிங்கிள் மோடே போடலாம்.

வீட்டு இணைப்பில் பரவலான ஜிபான் முறையில் ஒரே இழையில் கீழே 1490, மேலே 1310 நானோமீட்டரில் ஒளி போகிறது. வழியில் ஸ்ப்ளிட்டர்கள் அதைப் பங்கிடுகின்றன. பரிமாற்ற மையம் +3 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் சக்தி) அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நான்காகப் பிரிப்பதில் 7.3, பிறகு ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரிப்பதில் 10.5 டெசிபெல் போகும். 5 கிலோமீட்டர் இழைக்கு 1.25, நான்கு கனெக்டர்களுக்கு 1.6, இழையோடு இழை ஒட்டிய ஆறு ஸ்ப்ளைஸ்களுக்கு 0.6. மொத்தம் 21.25. வீட்டுப் பெட்டிக்கு வருவது −18.25 டிபிஎம். வழக்கமான வகைப் பெட்டி −27 வரை படிக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இந்த எண் தெரியும். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அதைக் குறித்து வைத்தால், பின்னால் 4, 5 டெசிபெல் சரிந்திருக்கும்போது கோளாறு ரவுட்டரில் இல்லை, இழையில் என்று சொல்லிவிடலாம். எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே போதவில்லை.

சரிவுக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. கதவிடுக்கில் அல்லது ஆணியில் இறுக மடங்கிய வளைவு ஒன்று. பழைய ரக இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். வீடுகளுக்கான வளைவு தாங்கும் ரகங்கள் 10, 7.5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். மற்றது அழுக்கு. 9 மைக்ரான் மையத்தின் மேல் ஒரு தூசித் துகள் உட்கார்ந்தால் பாதை அடைபட்டது போல. சட்டையில் துடைக்காமல், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் இழை உதிராத துணியும் கொண்டு துடைக்க வேண்டும். பச்சை கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்தின் முகம் நேரானது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஆனால் இடையில் காற்று நிற்கும், முகமும் கெடும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாமலே சுடும்.

தூரம் என்று வரும்போது இழைக்குப் போட்டியே இல்லை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்த கடலடிக் கேபிள், தீவுகளுக்கிடையிலான கிளைகளும் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடியில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 5 மைக்ரோ நொடி ஆகும். முழு நீளத்தையும் கடந்தாலும் 12 மில்லி நொடிக்குள். புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க ஒரு வழிக்கே சுமார் 240. பெருங்கடல்களைக் கடக்கும் கேபிள்களில் சுமார் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி உண்டு. அதற்கு மின்சாரம் கேபிளுக்குள் இருக்கும் உலோகக் கடத்தி வழியாகப் போகிறது. டேட்டாவைக் கண்ணாடி சுமந்தாலும் அங்கேயும் உலோகத்துக்கு வேலை இருக்கிறது.

கட்டடத்துக்கு வெளியே

வீட்டிலிருந்து வாசல் கேமராவுக்கோ, பக்கத்துக் கட்டடத்துக்கோ செம்பை இழுத்தால் இடி மின்னல் காலத்தில் வினை. கேபிளில் நேரடியாக விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே பெரும் வோல்ட்டேஜ் வித்தியாசம் உண்டாகி, கேபிள் வழியாக ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாவற்றையும் கொண்டுபோகும். கட்டடங்களுக்கிடையே ஃபைபர் போடுவதுதான் சரி. இருமுனையிலும் செம்புக்கும் ஃபைபருக்கும் இடையே சிக்னலை மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் போதும். ஒரே இழையில் இரு திசையும் ஓடும் மாட்யூல்கள் வாங்கினால் ஒரு பக்கம் 1310 அனுப்பி, மறுபக்கம் 1550 அனுப்பும் ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஒரே ரகமானால் லிங்க் வராது. டிராப் கேபிளின் பக்கத்தில் ஓடும் இரும்புக் கம்பி மின்சாரம் கடத்தும். அதை வெளிச்சுவரிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட்டு, மெல்லிய இழைப் பகுதியை மட்டும் உள்ளே விட வேண்டும்.

செம்பு வெளியே போயே ஆக வேண்டும் என்றால் கறுப்புப் பாலிஎத்திலீன் உறையுள்ள, ஜெல் நிரப்பிய வெளிப்புற ரகம். சாம்பல் நிற உள்வீட்டு பிவிசி உறை நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெடிக்கும். அதன் பிறகு மழை நீர் உள்ளே இறங்கி, கேபிள் வழியாகவே நடந்து வந்து ஸ்விட்ச் போர்ட்டில் பச்சைக் களிம்பு பூக்கும்.

வைஃபையும் ஒரு ஊடகம்தான். ஆனால் ஒரே சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்கள் அதைப் பங்கிடுகின்றன. மாடிக்கு இரண்டாவது வைஃபை பெட்டி வைப்பவர்கள் அதைக் கேபிளில் இணைத்தால், பெட்டிகளுக்கிடையிலான பேச்சு அந்தக் காற்றை விட்டு விலகும்.

புது வீடு கட்டும்போது கரன்ட் பைப்புக்குத் தள்ளி, நெட்வொர்க்குக்கென்று தனியாக 25 மில்லிமீட்டர் பைப் போடச் சொல்லுங்கள், திருப்பங்களில் முழங்கை வைக்காமல் நீண்ட வளைவாக. டிவி, படிப்பு மேஜை, மாடிச் சீலிங், வாசல் என்று ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கேட் 6. கம்பத்திலிருந்து பெட்டி வைக்கும் இடம் வரை ஃபைபருக்கு ஒரு காலிப் பைப், உள்ளே இழுகயிறோடு. ஒவ்வொரு முனையிலும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, இரு பக்கமும் ஒரே எண்ணை எழுதி ஒட்டி, சுண்ணாம்பு அடிக்கும் முன் முனைகளைப் பாலிதீன் பையால் கட்டிவிட வேண்டும்.